வேலைநிறுத்தத்தின் மேல் என் முதல் நன்மை

தொலைக்காட்சிக்காரர்கள் கோழைகள். வேலைநிறுத்தம் பற்றிய அந்தப் பழைய நாடகத்தை இப்போது மறுபடி போடுகிறார்கள். தொழிலாளர்கள் முதலாளியின் படகை மறிக்கும் காட்சியை மட்டும் வெட்டிவிட்டார்கள். சோப்பு விளம்பரம் முழுதாக வருகிறது.

அதனால்தான் பழைய வீடியோ கசட்டுகளைச் சேர்க்கிறேன். வெட்டியதை ஊருக்குக் காட்டவேண்டும் என்று இன்று பஸ் ஏறி விடத்தல்தீவுக்குப் போனேன். சித்தப்பா அந்த நாடகத்தை அந்தக் காலத்திலேயே பதிந்து வைத்தவர்.

“ஒரு சொட்டும் வெட்டேல்லை. இருந்து பார்,” என்றார்.

பார்த்தேன். முதலாளி வந்தார். தொழிலாளர்கள் படகுக் கயிற்றைப் பிடித்தார்கள். திரை ஒருமுறை நடுங்கியது.

அடுத்து, வெள்ளைக் கோட்டும் கையில் மெழுகுதிரியுமாக எட்டு வயது நான். கோயிலில் என் முதல் நன்மை, நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாள்.

“வேற கசட் கிடைக்கேல்லையோ, சித்தப்பா?”

“பூசை துவங்கப்போகுது. கையில கிடைச்சதைக் கமராவில போட்டன். பிறகு நிப்பாட்டப் போனா நீ விட்டியோ? ஒண்டும் விடாமல் எடுங்கோ எண்டு கத்தி அழுதனி.”

ஒன்றும் விடாமல்தான் எடுத்திருக்கிறார். நான் கேக் தின்பது மட்டும் பதினொரு நிமிடம். வேலைநிறுத்தம் அதற்கடியில் கிடக்கிறது.

அங்கிருந்தே குடும்பக் குழுவில் எழுதினேன்: “அந்தக் காட்சி யாரிடமாவது இருந்தால் உடனே அனுப்பவும்.”

அதன் கீழே சித்தப்பா கேக் காட்சியைப் போனில் பிடித்து அனுப்பிவிட்டார். வீடு வந்து பார்த்தால் அதற்குத்தான் இதயங்கள் குவிந்திருக்கின்றன. மாமி, “மிச்சத்தையும் போடுங்கோ,” என்று கேட்டிருக்கிறார்.

நானும் அதைத்தான் கேட்கிறேன். மிச்சம் யாரிடம் இருக்கிறது?