தப்பால் சைக்கிளில் ஒட்டிய படம்

அப்பா லிந்துலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் தப்பால்காரர். ஆபீஸ் கடிதப் பையை டவுனுக்குக் கொண்டுபோய், அங்கே வந்திருக்கும் பையை வாங்கி வருவது வேலை. அவர் வேலையை விட்டபோது, ஓட்டிக்கொண்டிருந்த பழைய சைக்கிளைத் துரை அவருக்கே கொடுத்துவிட்டார். அதன் பாரில் தோட்டத்தின் பெயரும் இலக்கமும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தன.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். நிச்சயத்தன்று சைக்கிள் தருவதாக, யாரும் கேட்காமலே அப்பா வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். புதுச் சைக்கிள் வாங்க வழியில்லை என்பது அப்பா, அம்மா, நான் மூவருக்கும் தெரியும். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

அப்பா எழுத்துகளின் மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்தார். டவுனில் முஸ்லிம் முதலாளி ஒருவரின் சைக்கிள் கடையில், சைக்கிளில் ஒட்டும் பழைய படங்கள் தகரப் பெட்டியில் கிடந்தன. சிறகு விரித்த பறவையும் தங்கக் கோடுகளும். பின்புறத் தாள் பழுத்திருந்தது. "ஒட்டிட்டு மேல ஒரு கை வார்னிஷ் அடிங்க. இல்லாட்டி தண்ணி பட்டா கையோட வந்துரும்," என்று முதலாளி சொல்லியே கொடுத்தார்.

ஒட்டியது நான்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, தாளிலிருந்து பெருவிரலால் மெல்லத் தள்ளி, பாரின் மேல் இறக்க வேண்டும். முதல் படம் நொறுங்கிவிட்டது. இரண்டாவது பறவை ஒரு சிறகில் விரிசலோடு உட்கார்ந்தது. அது காயட்டும், பிறகு வார்னிஷ் அடிக்கலாம் என்றார் அப்பா. அந்த வாரம் முழுக்க மழையும் பனிமூட்டமும். படமும் காயவில்லை, அடியில் பெயிண்டும் காயவில்லை.

நிச்சயத்தன்று காலை அம்மா சந்தனம் குழைத்து வந்தார். வெறுமனே சைக்கிளைக் கொடுக்கக் கூடாது என்று ஹாண்டிலில் ஒரு பொட்டு, பாரில் ஒரு பொட்டு. பாரில் வைத்த பொட்டு பறவையின் மேலேயே விழுந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். மங்கலம் என்பதால் தடுக்கத் தோன்றவில்லை.

தட்டு மாற்றியபின் மாப்பிள்ளையின் தாய்மாமன் வெளியே வந்தார். என்ன கம்பெனி என்று பார்க்க, காய்ந்திருந்த சந்தனத்தை ஈரத் துண்டால் துடைத்தார். பறவை துண்டோடு வந்தது. கூடவே கறுப்புப் பெயிண்ட் தோலாக உரிந்தது. அடியில் வெள்ளை எழுத்துகள்.

அவர் அவற்றை வாய்விட்டுப் படித்தார். "என்ன சம்பந்தி, கடுதாசிப் பையும் சேத்துக் குடுப்பீங்களா?"

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா ஆபீஸ் வாசலில் நிற்பதுபோல் கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் கதவின் பின்னால் நின்று, என் விரல் நகத்தில் ஒட்டியிருந்த தங்கப் பொடியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு இது போதுங்க மாமா," என்றார் மாப்பிள்ளை அப்பாவிடம். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். அப்பா தலைகுனிந்து எங்கள் காம்பரா அறைக்குள் போய்விட்டார்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். லயத்து வரிசை வீடுகளின் வாசல்களிலெல்லாம் ஆட்கள். மாப்பிள்ளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். ஒரு கை ஹாண்டிலில், மற்றக் கை பாரில். எழுத்துகள் தெரியாதபடி உள்ளங்கையால் மூடியிருந்தார். பாதை இறக்கம்தான். ஏறி உட்கார்ந்தால் தானாகவே உருண்டு போயிருக்கும்.

உள்ளேயிருந்து அப்பா கேட்டார்: "ஏறிப் போறாரா?"

"ஆமாப்பா," என்றேன்.