நாலாந்தடவை

அவள் பெயரை நான் முதன்முதலில் கேட்டபோது அது ‘ரெண்டாந்தடவை’ என்று இருந்தது. என் அக்காவின் இளைய மருமகன் எங்கள் வீட்டுப் படியேறும்போதே, “ரெண்டாந்தடவை வந்தாச்சா, சின்னத்தை?” என்று கேட்டார். கேட்டது என்னிடம்; அப்படிச் சொன்னது அவருடைய சொந்தத் தங்கையை. பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தில் தோற்று, மறுபடி அதே வகுப்பில் போய் உட்கார்ந்ததால் வந்த பெயர். அடுத்த வருஷம் அது ‘மூணாந்தடவை’ ஆனது. எங்கள் குடும்பத்தில் பட்டப்பெயர் வைத்தால் அத்தோடு சரி. என் பெரியப்பா மகனை அறுபது வயதிலும் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிட்டோம். வருஷத்துக்கு வருஷம் பெயரில் பதவி உயர்வு கிடைத்தது இவள் ஒருத்திக்குத்தான்.

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. இரும்பைக் காய்ச்சிப் பதம் ஏற்றும் பட்டறையில் பதினாறு வருஷ வேலை. உலையிலிருந்து கம்பி வெளியே வரும்போது நிறத்தைப் பார்த்தே எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவாள். உலைப் பகுதிக்குத் தலைமை ஆக வேண்டுமென்றால் பட்டம் வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். எல்லாப் பாடமும் தேறிவிட்டாள். மிச்சம் ஒன்றே ஒன்று: பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள். நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆனால் வியாழக்கிழமைதோறும் வகுப்பு முடிந்து அவள் நேராக என் சமையலறைக்கு வந்து திட்டித் தீர்த்ததில் எனக்கும் அந்தப் பெயர் மனப்பாடம் ஆகிவிட்டது. அதுவும் தொடக்கப் பாடம்தானாம். தொடக்கமே இந்த லட்சணம்.

சண்டை ஒரு கம்பியைப் பற்றியது. பேராசிரியர் வருஷாவருஷம் ஒரே கம்பியைத்தான் கேட்பார். சூடான இரும்புக் கம்பி, இரண்டு முனையும் பனிக்கட்டியில், பக்கவாட்டில் துளி சூடு வெளியே போகாது. எந்த நேரத்தில் எந்த இடத்தில் எவ்வளவு சூடு?

“பக்கத்துல சூடு போகாத கம்பி உலகத்துல உண்டா, அத்தை? பக்கத்துல நின்னாலே முகம் வேகுது!”

முதல் தேர்வில், ‘இப்படிப்பட்ட கம்பி கிடைப்பதில்லை’ என்று எழுதிவிட்டு வந்தாள். இரண்டாவதில் ஒரு சமன்பாடுகூட இல்லாமல் பட்டறை அனுபவத்தில் நிமிஷக் கணக்கு எழுதினாள். மூன்றாவதில் விடைத்தாளிலேயே பேராசிரியரோடு நாலு பக்கம் வாதாடியதில் நேரம் முடிந்துவிட்டது.

“அம்மா, நான் கேட்ட கம்பிக்குப் பதில் எழுதுங்க” என்றாராம் அவர்.

“உங்க கம்பி எந்தக் கடையில கிடைக்கும், சார்?”

நாலாவது தடவைதான் கடைசி. அதிலும் தோற்றால் அதுவரை தேறிய பாடமெல்லாம் செல்லாது என்பது பல்கலைக்கழகத்து விதி. அண்ணன்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அந்த மனுஷன் சொல்ற கம்பியையே எழுதித் தொலையேன். உனக்கென்ன போகுது?”

“பொய் எழுத மாட்டேன்.”

“அப்ப செஞ்சு காட்டு. இல்லைன்னு நிரூபி. வாயை மூடிக்கிட்டு இருப்பார்.”

அது அவளுக்குப் பிடித்துப்போனது. ஒரு விடுமுறை நாள் காலையில் பேராசிரியரைப் பட்டறைக்கே வரவழைத்துவிட்டாள். அரை மீட்டர் கம்பி. நடுவில் துளையிட்டு வெப்பமானி. மேலே உலைக்குச் சுற்றும் தீப்பிடிக்காத பஞ்சு, தலையணை கனத்துக்கு. சின்ன அடுப்பில் நூறு டிகிரிக்கு ஏற்றி வைத்திருந்தாள். அண்ணன் இரண்டு வாளி பனிக்கட்டி கொண்டுவந்தார். கடிகாரம் பார்க்கும் வேலை எனக்கு.

பேராசிரியர் கம்பியைச் சுற்றிச் சுற்றி வந்தார். “இதுதானா?” என்று நீட்டிக்கொண்டிருந்த முனையைத் தொட்டார். அப்புறம் அவர் போட்ட சத்தத்தைச் சொல்ல வேண்டாம். இருபது வருஷமாகக் கரும்பலகையில் கம்பியைக் காய்ச்சுகிற மனுஷனுக்கு அன்றுதான் முதல் தடவையாக விரல் சுட்டது. அண்ணன் கொண்டுவந்த வாளியில் முதலில் இறங்கியது கம்பி இல்லை, அவர் கைதான்.

“கணக்குப்படி நடுவுல சூடு பாதியாக இருபது நிமிஷம் ஆகணும்” என்றார், விரலை ஊதிக்கொண்டே.

“பத்துலயே ஆகிடும் பாருங்க, சார்” என்றாள் இவள்.

இரண்டு முனையையும் பனிக்கட்டியில் புதைத்துப் பத்து நிமிஷம் ஆனது. சூடு பாதி ஆகவில்லை. பதினைந்து ஆனது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. என் கையிலிருந்த கடிகாரத்தில் பத்தொன்பது நிமிஷம் தாண்டி முள் நகர்ந்தபோது ஐம்பது டிகிரி வந்தது.

“அத்தை, கடிகாரம் ஓடுதா?”

“உன்னைவிட நல்லா ஓடுது.”

அதே நீளத்தில் பஞ்சு சுற்றாத இன்னொரு கம்பியையும் வைத்திருந்தாள். அது எப்போதோ ஆறிப்போய்க் கிடந்தது. பேராசிரியர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இவள் பஞ்சுக் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அண்ணன் மட்டும், “மிச்சப் பனிக்கட்டியை என்ன பண்றது?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் அவள் அந்தக் கம்பியை வரி பிசகாமல் எழுதிப் பழகினாள். தானே செய்த கம்பி ஆயிற்றே. தேர்வு நாளன்று வினாத்தாளைத் திறந்தால், மனுஷர் கேள்வியை மாற்றிவிட்டிருக்கிறார். பஞ்சு சுற்றாத கம்பி! பக்கவாட்டில் சூடு போகிறது. அறையும் பனிக்கட்டி மாதிரியே குளிர்ந்திருக்கிறது.

தேர்வு முடிந்து நேராக என் சமையலறைக்குத்தான் வந்தாள். “அழுகையே வந்துடுச்சு, அத்தை. நாலு வருஷம் நான் கேட்ட கம்பி, அதைப் படிக்காத வருஷத்துல வருது.”

அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாளாம். பிறகு தெரிந்த கம்பியையாவது எழுதலாம் என்று பேராசிரியரின் பழைய கம்பிக்கு விடையை எழுதினாள். எழுதி முடித்துப் பார்த்தால், நேரம் ஆக ஆகத் தேய்ந்துகொண்டே போகிற ஓர் எண்ணால் அதைப் பெருக்கினால் போதும், அவளுடைய கம்பி வந்துவிடுகிறது. அவர் கம்பி இல்லாமல் இவள் கம்பிக்கு விடை இல்லை.

“அறை எப்படி சார் பனிக்கட்டி மாதிரி இருக்கும்னு கேக்கக் கையைத் தூக்கிட்டேன், அத்தை.”

“கேட்டியா?”

“தண்ணி வேணும்னு சொல்லிட்டேன்.”

தேறிவிட்டாள். நூற்றுக்கு அறுபத்தொன்று.

இப்போது அவள் அதே பட்டறையில் உலைப் பகுதிக்குத் தலைவி. பேராசிரியர் வருஷம் ஒருமுறை மாணவர்களை அங்கே கூட்டி வருகிறார்; கையுறை போட்டுக்கொண்டு வருகிறார். வீட்டில் அவளை இன்னும் நாலாந்தடவை என்றுதான் கூப்பிடுகிறோம்.