கரிஃபாலியாவின் கூந்தல்

நாஃப்லியோ துறைமுகத்திலிருந்து ஏறிவரும் தெருவில், என் காப்பிக்கடைக்கு அடுத்த கடை ஸ்தாத்திஸுடையது. அந்தக் காலத்துக் கிரேக்கச் சிப்பாய்கள் போட்ட தலைக்கவசங்களை அதே வடிவில் வெண்கலத் தகட்டில் அடித்துச் செய்வார். சேகரித்து வைப்பவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து வாங்கிப்போவார்கள். உச்சியில் நிற்கும் குதிரைமயிர்க் கொண்டையைத் தைப்பது அவர் மனைவி கரிஃபாலியாவின் வேலை.

அவளுக்கு மார்பில் புற்று வந்தது. மருந்து ஏற்றினால் முடி கொட்டும் என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலை, கத்தரிக்கோலோடு என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். இடுப்புவரை தொங்கும் கருங்கூந்தல்.

"கொத்துக் கொத்தா உதிர்றதை என்னால பாத்துகிட்டிருக்க முடியாது. நீயே வெட்டிடு."

வெட்டினேன். அதை அள்ளிக்கொண்டு கணவரிடம் போனாள்.

"இந்தத் தடவை குதிரை வேணாம், இதை வெச்சுக்கலாம்."

"குதிரைன்னா எதிர்த்துப் பேசாது," என்றார் ஸ்தாத்திஸ். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அவர் அடித்ததிலேயே அழகான கவசம் அதுதான். தெம்பு இருந்த நாட்களில் அவளே உட்கார்ந்து தன் கூந்தலை அதில் தைத்தாள்.

"இதை வீட்ல வைக்காத. எதிர்ல உக்காந்து அழுதுகிட்டே இருப்ப. கடையிலயே இருக்கட்டும், நானும் நாலு மனுஷங்களைப் பாத்த மாதிரி இருக்கும்," என்றாள்.

அந்தக் குளிர்காலத்தில் இறந்துபோனாள்.

நாற்பதாம் நாள் பூசைக்கு அவள் தங்கை தசூலா ஜெர்மனியிலிருந்து வந்தாள். கவசத்தைப் பற்றி அவளிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை. பூசைக்கு முந்தின நாள், ஸ்தாத்திஸ் கோதுமைப் படையலுக்குச் சொல்லிவர மாதாகோயிலுக்குப் போனார். தசூலா கடையைப் பார்த்துக்கொண்டாள். அவர் திரும்பி வந்தபோது அவள் முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"அத்தான், அந்தக் கறுப்புக் கொண்டை வெச்சது போயிடுச்சு. கப்பல்ல வந்த ஒரு ஆள், சொன்ன விலைக்கே வாங்கிட்டான். உங்களுக்கு ஏதோ என்னால ஆனது."

துறைமுகத்தைப் பார்த்து இறங்கி ஓடினார். நானும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுப் பின்னால் ஓடினேன். கப்பல் வளைகுடாவின் வாயைத் தாண்டிவிட்டிருந்தது. துறைமுக அலுவலகத்தில் கெஞ்சினோம். ஆயிரம் பயணிகளில் யாரென்று தேடுவது என்றார்கள்.

"தசூலாகிட்ட வாயைத் திறந்துடாதீங்க. அவளுக்கு மனசு தாங்காது," என்றார் திரும்பி வரும்போது.

மறுநாள் கல்லறையில் பூசை முடிந்ததும் தசூலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா முடியை வெட்டினப்போ எடுத்து வெச்சிருப்பீங்களே அத்தான். எனக்கு ஒரு இழை குடுங்க."

"அவளோடவே வெச்சுப் பொதைச்சுட்டேன்மா," என்றார்.

தசூலா தலையாட்டிவிட்டு அழுதாள். அவரும் அழுதார். பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இப்போதும் கவசங்கள் செய்கிறார், கொண்டை மட்டும் வைப்பதில்லை. மத்தியானம் காப்பி குடிக்க வரும்போது என் போனை வாங்கி, சேகரிப்பாளர்கள் தங்கள் அலமாரிகளைப் படம் எடுத்துப் போடும் பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். கறுப்பாக ஏதாவது தெரிந்தால் பெரிதாக்கித் தரச் சொல்வார். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பார்.

"இது குதிரைதான்," என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுப்பார்.