குருணிலிருந்து புக்கிட் செலம்பாவ்: அரைப் பக்கக் கட்டுரைக்கு ஒரு சைக்கிள் பயணம்

ஜப்பான்காரன் காலத்தில் நான் புக்கிட் செலம்பாவ் போனதற்கு ஒரே காரணம் பத்திரிகை ஆசிரியரின் கடிதம். "அரிசி இல்லாமல் எஸ்டேட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள்? கண்ணால் பார்த்து எழுது. அரைப் பக்கம்." அரைப் பக்கம்! அதுவரை என் எழுத்து அச்சில் வந்தது நாலு வரி கோயில் அறிவிப்புதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

குருணிலிருந்து காலை எட்டுக்குக் கிளம்பினேன். அது டோக்கியோ மணி, நம்ம சூரியனுக்கு ஆறரைதான். பதின்மூன்று மைல் இருக்கும். டயர் கிடைக்காததால் சக்கரத்தில் ரப்பர் குழாயைச் சுற்றியிருந்தேன். இடுப்பு கழன்றுவிட்டது, போங்கள்! வழியில் அவித்த மரவள்ளிக்கிழங்கு வாங்கித் தின்றேன், ஜப்பான்காரன் அடித்த வாழைமரப் படம் போட்ட நோட்டில் ஒரு வெள்ளி. பதினொரு மணிக்கு எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் இருந்தேன்.

அஞ்சலை அக்கா மரவள்ளி மாவில் ரொட்டி சுடுவதில் கெட்டிக்காரி என்றார்கள். அவள் வீட்டில் மாவு இடிப்பதிலிருந்து பார்த்தேன்.

"வீட்டுக்காரர் எங்கேக்கா?"

"சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் பிடிக்கிறாங்கள்ல, பயந்து ஓடிட்டாரு. எங்க இருக்காரோ."

ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் எழுதினேன். கை நிற்கவே இல்லை! எழுதி முடித்ததும், "பேப்பர்ல வர்றதுக்கு முன்ன எனக்குப் படிச்சுக் காட்டு லா" என்றாள் அக்கா.

படித்தேன். தன் ரொட்டியைப் பற்றிக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். கடைசி வரியை ராகம் போட்டே படித்தேன், எனக்கு அவ்வளவு பெருமை: "கொடியில் ஈரம் சொட்டும் ஓர் ஆண் சட்டை, தோளில் புது ஒட்டு."

அக்காவின் சிரிப்பு நின்றது. "தம்பி, ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணியும் பேப்பர் படிப்பாரு. சயாமுக்குப் பேர் எழுதுறது அவர்தான்."

ஐயையோ! அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வரியைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அக்கா கொடியிலிருந்த சட்டையை உள்ளே எடுத்துப் போனாள்.

ஆசிரியர் கால் பக்கம்தான் போட்டார். "முடிவு சப்பென்று இருக்கிறது" என்று கடிதம் வேறு. வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்! கட்டுரை தேடிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தண்ணீர் கொண்டுபோங்கள், வெயிலுக்கு முன் கிளம்புங்கள், யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர்களுக்குப் படித்துக் காட்டாமல் திரும்பாதீர்கள்.

பத்திரிகையோடு மறுபடி பதின்மூன்று மைல் மிதித்தேன். அக்கா கதவைச் சாத்திவிட்டு மூன்று தட்டு வைத்தாள். உள்ளே பார்த்து, "வாங்க, நம்ம தம்பிதான்" என்றாள்.