மேட்டிலிருந்து லயம்வரை வயர்

போன் திருத்துகிற தொழிலில் நாள் முழுக்கக் கையில் வயர்தான், ஆனால் ஒன்றும் ஒரு சாணுக்கு மேல் இருக்காது. வேலை முடிந்து வீட்டில் சின்னச் சின்ன சர்க்கியூட் செய்து பார்க்கும் பைத்தியம் உங்களுக்கும் இருந்தால் என் வருத்தம் புரியும். மற்றதெல்லாம் பழைய ரேடியோவில் கழற்றிக்கொள்ளலாம். மலிவாக நல்ல வயர் கிடைப்பதுதான் பெரும்பாடு.

போன மழையில் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மேட்டில் வெடிப்பு விட்டது. அதன் குறுக்கே மெல்லிய கம்பி ஒன்றைக் கட்டி, மண் நகர்ந்து கம்பி அறுந்தால் வீட்டில் மணி அடிக்கிற மாதிரி ஒன்று செய்ய நினைத்தேன். அலைச்சல் அங்கே தொடங்கியது.

துண்டுப் பெட்டி

பதுளையில் ஹார்ட்வெயார் கடை நானாவிடம் கேட்டேன். முழுச் சுருளாகத்தான் தருவாராம். அதற்கு எனக்கு வசதியில்லை. எதற்கென்று கேட்டார். வெடிப்பைப் பற்றிச் சொன்னேன். உள்ளே போய், வெட்டி மிஞ்சிய துண்டுகள் கிடந்த பெட்டியைத் தூக்கி வந்து வைத்தார்.

வாசலிலேயே உட்கார்ந்து பொறுக்கினேன். மணிக்கும் பெட்டரிக்கும் தேவையானது சேர்ந்தும் எழுந்திருக்க மனம் வரவில்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு நானா சொன்னார்: “பெட்டியோட கொண்டு போங்க தங்கச்சி. கடைக்கு வாற ஆக்கள் ஒங்களத் தாண்டித்தான் உள்ள வர வேண்டியிருக்கு.”

விண்ணப்பம்

மேட்டிலிருந்து வீட்டுக்கு அறுபது யார் தூரம். துண்டுகளை ஒன்றோடொன்று முடிந்து அவ்வளவு தூரம் போக முடியாது. என்னிடம் போன் திருத்த வந்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், அரசாங்க அலுவலகத்தில் கிளார்க், தங்கள் கம்ப்யூட்டர் வயரையெல்லாம் மாற்றிப் பழையதை எறியப் போகிறார்கள் என்றார். ஒரு கேபிளுக்குள் எட்டுக் கம்பி! மறுநாளே பையோடு போய் நின்றேன்.

என்னை உட்காரவைத்து, தாளும் பேனையும் கொடுத்தார். மேலதிகாரியிடம் அவரே போய்க் கையெழுத்து வாங்கினார். பிறகு சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தார். வழியில் ஒரு விளக்கம்: “குப்பை எண்டாலும் அரசாங்கக் குப்பை, பிள்ளை. எழுத்தில இருக்க வேணும்.”

இரண்டு நாள்

வெடிப்பின் குறுக்கே கட்ட, எரிந்த மின்விசிறி மோட்டரிலிருந்து மயிரிழைச் செம்புக் கம்பி தந்தவர் மோட்டர் சுற்றும் செல்வம் அண்ணன். வீட்டில் இணைத்துப் பார்த்தேன். கம்பி அறாமலே மணி அடித்தது. இரண்டு நாள் சர்க்கியூட்டைப் பிரித்துப் பிரித்துக் கட்டினேன். கடைசியில் எல்லாவற்றையும் அவரிடமே தூக்கிக்கொண்டு போனேன்.

அண்ணன் பிளேடை எடுத்துக் கம்பியின் இரண்டு நுனியையும் சுரண்டி மாட்டினார். மணி நின்றது. “சர்க்கியூட்டெல்லாம் சரியாத்தான் இருக்கு. கம்பி மேல பூசின வார்னிஷ சுரண்டாம பூஜையே போட்டாலும் கரண்டு போகாது தங்கச்சி.”

மகேஸ்வரி அக்கா

கட்டிய மூன்றாம் நாள் காலை மணி அலறியது. லயமே வெளியே ஓடியது. ஒருவர் முகத்தில் சோப்பு நுரையோடு. நான் மேட்டுக்கு ஏறிப் பார்த்தால், கேபிளில் ஈரச் சேலை இரண்டு தொங்குகிறது. அந்தப் பாரத்தில் மெல்லிய கம்பி அறுந்திருக்கிறது. பக்கத்து வீட்டு மகேஸ்வரி அக்கா, கொழுந்து பறிக்கிறவர், வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்: “மழைக்கு நீ கொடி கட்டிக் குடுத்திருக்கேன்னு நெனச்சு, ஒன்ன வாழ்த்திக்கிட்டேதான்டி காயப்போட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை

அறுந்ததை மறுபடி கட்டி இரண்டு வாரம் கழித்து, விடாத மழையில், பகல் மூன்று மணிக்கு மறுபடி அடித்தது. யாரும் அசையவில்லை. மறுபடியும் சேலைதான் என்று எதிர்வீட்டில் சிரித்தார்கள். மகேஸ்வரி அக்காதான் கதவு கதவாகத் தட்டி, “நான் ஒண்ணும் காயப்போடல, எந்திரிங்க” என்று எல்லாரையும் கிளப்பினார். பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அதன் பிறகுதான் மேடு சரிந்து கடைசி இரண்டு வீட்டின் குசினியை மூடியது. அதில் ஒன்று அக்காவுடையது. ஆட்களுக்கு ஒரு கீறலும் இல்லை. மறுநாள் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். “அடுப்புல இருந்த சோறு போச்சு. போகட்டும், திங்க ஆளு மிச்சமிருக்கோம்ல.”

அன்றிலிருந்து என்னிடம் போன் திருத்த வருகிறவர்கள் ஆளுக்கொரு பழைய வயரும் கொண்டுவருகிறார்கள், இப்போது என் கஷ்டமெல்லாம் அதை வைக்க இடம் தேடுவதுதான்.