அத்தையின் கிட்டாரில் மூன்றாவது கம்பி

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம், பெரியப்பா துபாயிலிருந்து லீவுக்கு வந்தபோது தன் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, ஓர் எலெக்ட்ரிக் கிட்டார் கொண்டுவந்தார். செக்கச் சிவந்த கட்டை, நல்ல கனம். அப்பா அதைத் தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே பொந்தே இல்லையே, சத்தம் எங்கிருந்து வரும் என்று கேட்டார். அத்தை சிரித்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்துக் கொயரில் சாதாரண கிட்டார் வாசிப்பாள். வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவே மற்றவர்கள் யோசிக்கும்படி செய்திருந்தாள்.

கிட்டாரை ஸ்பீக்கரோடு இணைத்து முதல் தடவை மீட்டியபோது வீடே கூடி நின்றது. மற்றக் கம்பிகள் நன்றாகவே பேசின. மூன்றாவது கம்பி மட்டும் 'டொக்' என்று ஒரு சத்தம் போட்டு அடங்கிவிட்டது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, முருங்கைக்காய் ஒடித்த மாதிரி இருக்கிறது என்றாள்.

வேறு சமயமாக இருந்தால் பொறுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஒரு பாட்டின் முடிவில், பாடுகிறவர்கள் எல்லாரும் நிறுத்திய பிறகும் கிட்டாரின் ஒற்றை ஸ்வரம் நீண்டு நின்று மெல்லக் கரைய வேண்டும். அந்த ஸ்வரம் மூன்றாவது கம்பியில் இருந்தது. அது நிற்காவிட்டால் கீபோர்டுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கொயர் மாஸ்டர் சொல்லிவிட்டார். அத்தை இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை.

அப்போதுதான் அவர் வந்தார். கொயரில் அடிக்குரலில் பாடுகிறவர். மாப்பிள்ளையூரணிக்காரர். துறைமுகத்தில் கிரேன்களைப் பராமரிக்கும் பிரிவில் இன்ஜினியர். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சின்ன டூல்ஸ் பையோடு வந்து, எங்கள் முன்னறையில் பாய் விரிக்கச் சொல்லி, கிட்டாரைக் குழந்தையைப் போலக் கிடத்தினார்.

"பேரிங், மோட்டார் எல்லாம் அதிராமப் பாத்துக்கிடறதுதான் என் வேலை டீச்சர். அதிர்வு எங்கன போயி ஒளியும்னு எனக்குத் தெரியும். இங்கன அது ஒளியுத எடத்த எல்லாம் அடைக்கணும், அவ்வளவுதான்."

"கம்பி தானா சாகாது. லூசா இருக்க ஏதோ ஒண்ணு அத தின்னுது," என்றாள் அத்தை.

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. அத்தை கம்பியை மீட்டியதும் நான் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கம்பி முதலில் அடங்குகிறதா, என் மூச்சு முதலில் முட்டுகிறதா என்று பார்ப்பார்கள். அந்த நாட்களில் நான் தோற்றதே இல்லை.

முதல் சனிக்கிழமை அவர் கிட்டாரின் கழுத்து உச்சியைச் சந்தேகப்பட்டார். கம்பிகள் அங்கே ஒரு பிளாஸ்டிக் துண்டின் பள்ளங்களில் தங்கித்தான் கீழே இறங்குகின்றன. பிளாஸ்டிக் மெத்தென்று இருந்து அதிர்வைக் குடித்துவிடும் என்றார். அடுத்த வாரம் உடைந்த சங்கு ஒன்றின் கெட்டியான துண்டைக் கொண்டுவந்து, தண்ணீர் தொட்டுத் தொட்டு அரத்தால் ராவி, அதே அளவில் ஒன்று செய்தார். பல் டாக்டர் வீட்டு வாசனை அடித்தது. மாட்டிப் பார்த்தால் வெறும் கம்பியில் சத்தம் கொஞ்சம் நீண்டது; விரல் வைத்து அழுத்தினால் பழையபடி 'டொக்'. விரல் வைத்தால் கம்பி அந்த இடத்தில் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டியில்தான் தங்கும், உச்சித் துண்டுக்கு அப்புறம் வேலை இல்லை என்று அத்தை விளக்கினாள். அவர் தோற்றவர் மாதிரியே இல்லை.

"அப்ப அடுத்த சனிக்கிழமை கழுத்த கழட்டிப் பாப்போம்," என்றார் சந்தோஷமாக.

கழுத்தைக் கட்டையோடு பிடித்திருந்த ஸ்க்ரூக்களைக் கழற்றினால், உள்ளே யாரோ அட்டைத் துண்டு மடித்துச் செருகியிருந்தார்கள். அதை எடுத்துவிட்டு, மெல்லிய பித்தளைத் தகடு வெட்டி வைத்தார். மற்றக் கம்பிகள் இன்னும் கணீரென்றன. மூன்றாவது கம்பி மட்டும் மசியவில்லை. அதற்கடுத்த வாரம் கம்பிகளைச் சுருதிக்கு இழுக்கும் முறுக்காணிகள். அம்மா வாராவாரம் முந்திரி மக்ரூன் வாங்கி வைத்தாள். அப்பாவுக்குத்தான் பொறுமை போனது.

"கிரேனையே ஒரே நாள்ல சரி பண்ணுத மனுசன், இதுக்கு எத்தன சனிக்கிழமை வாராரு?" என்றார். அப்பாவின் போனில் அப்போது நாசரேத்து ஊர்க்கார மாப்பிள்ளை ஒருவரின் போட்டோ வந்து கிடந்தது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். இந்தத் தடவை தங்கையைச் சம்மதிக்க வைத்துவிடுவது என்ற முடிவில் இருந்தார்.

ஒரு புதன்கிழமை பள்ளி விட்டு வந்தபோது அத்தை இன்னும் வரவில்லை. நான் கிட்டாரை மடியில் வைத்து, கட்டையில் காதை ஒட்டவைத்துக்கொண்டு மூன்றாவது கம்பியை மீட்டினேன். கீழ்ப்பக்கத்திலிருந்து வண்டு முனகுவது போல ஒரு சத்தம். கம்பிகள் முடியும் இடத்தில், பிரிட்ஜில், ஒவ்வொரு கம்பியும் ஒரு குட்டி உலோகக் கட்டையில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டைகளுக்கு இரண்டிரண்டு சின்ன ஸ்க்ரூக்கள்தான் கால்கள். மூன்றாவது கட்டைக்கு ஒரு கால் கீழே எட்டாமல், ஆடுகிற நாற்காலி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் விட்டுப்போயிருந்த, இந்த மாதிரிக் குட்டி ஸ்க்ரூக்களைத் திருகும் அலன் கீயை எடுத்து அந்தக் காலைத் தரை தட்டும்வரை திருகினேன். மீட்டினேன். மூச்சு முட்டி வாயைத் திறந்துவிட்டேன். கம்பி இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டில் எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டினேன். அப்பா என் முதுகில் தட்டினார். இனி அவர் சனிக்கிழமை அலைய வேண்டாம், போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்றார். அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை, கெட்டிக்காரி என்று என்னைச் சொல்லிவிட்டு, தட்டில் பாதிச் சோறோடு எழுந்து கை கழுவப் போனாள். போன் நான் பண்ணிக்கிடுதேன் என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் முன்னறைக்குள் போனபோது அத்தை கிட்டாரை மடியில் படுக்க வைத்து, அதே ஸ்க்ரூவில் அலன் கீயைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அது லூசாகுத பக்கம்," என்றேன்.

அவள் கை நின்றது. "ரொம்ப இறுக்கிட்டாலும் கம்பிக்குக் கூடாதுளா," என்றாள். இயற்பியல் டீச்சர் சொன்னதால் நம்பினேன்.

மறுநாள் அவர் வழக்கம்போல வந்தார். போன் எதுவும் போயிருக்கவில்லை போலிருந்தது. மூன்றாவது கம்பியை மீட்டினார்: 'டொக்'. குனிந்து பிரிட்ஜைப் பார்த்தார். அந்த ஸ்க்ரூவை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். பிறகு வெகுநேரம் நிமிரவே இல்லை. நான் பொறுக்கமாட்டாமல், இந்த ஸ்க்ரூதான் மாமா, நான் கண்டுபிடித்தேன் என்று காட்டினேன்.

"அது கெடக்கட்டும் பாப்பா. மத்ததெல்லாம் பாத்துட்டுக் கடைசியா அதப் பாப்போம்," என்றார். காது மடல் சிவந்திருந்தது. "இன்னும் ரெண்டு மூணு வாரம் ஆவும் டீச்சர்."

"ஆவட்டும்," என்றாள் அத்தை.

மக்ரூன் தட்டோடு வந்த அம்மா வாசலிலேயே நின்றாள். அப்படியே திரும்பி அடுப்படிக்குப் போய் அப்பாவைக் கூப்பிட்டாள். அங்கே என்ன பேசினார்கள் என்று தெரியாது. அப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். அப்புறம் நாசரேத்துக்குப் போன் போட்டு, தங்கைக்கு இப்போது தோதுப்படாது என்று பணிவாகச் சொன்னார்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாட்டு முடிந்து, குரல்கள் நின்று, அத்தையின் ஒற்றை ஸ்வரம் மட்டும் ஆலயத்தின் உயரத்தில் நின்றது. ஒருவரும் இருமவில்லை. பின்வரிசையில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அந்த ஸ்க்ரூவை முந்தின சனிக்கிழமைதான், வேறு வழியில்லாமல், இறுக்கியிருந்தார்.

தை மாதம் அவர் தன் அப்பா அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நிச்சயதார்த்தத்தன்று அத்தை மாம்பழ நிறப் பட்டுடுத்தி, நான் பார்த்தேயிராத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். எனக்கு மனசே ஆறவில்லை. எந்த ஸ்க்ரூ என்று விரலை வைத்துக் காட்டிய பிறகும் சரி பண்ணத் தெரியாத ஆள் அவர். அத்தையோ அவ்வளவு படித்தவள். பெரியவர்கள் யாருக்கும் இது தோன்றவில்லையே என்று, அம்மாவின் காதில் மட்டும் மெதுவாகச் சொல்லி வைத்தேன்.