கீழ் ஓல்ஷாவின் பதினோரு வீடுகள்

லெயோகாடியா அத்தை புல்வெளியைக் குறுக்கே கடப்பதில்லை. பசுவின் கயிற்றைப் பிடித்தபடி இருபது அடி நேராக நடப்பார், இடப்பக்கம் திரும்புவார், ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றிக்கொண்டு போவார். பால் கேனோடு பின்னால் போகும் நான் அவசரத்தில் குறுக்கே கால் வைத்தால், திரும்பாமலே கத்துவார்: "டேய் லூட்விக், கண்ணு இல்லையா உனக்கு? மொரோஸ் வீட்டு அடுப்படியில பூட்ஸ் காலோட பூந்து போறியே!"

அங்கே அடுப்படி இல்லை. நாணலும் சேறும்தான். நாங்கள் இருப்பது மேட்டில், மாதா கோயிலைச் சுற்றி. சரிவில் இறங்கினால் இந்தப் புல்வெளி; அதுதான் கீழ் ஓல்ஷா. மூன்று பக்கமும் சதுப்பு. நாலாவது பக்கம் ஒரே ஒரு பாதை. அந்தப் பாதையை யாராவது மறித்துக்கொண்டால் உள்ளே இருப்பவர்களுக்குப் போக்கிடம் கிடையாது. நாற்பத்து மூன்றாம் வருடம் ஜூன் மாதத்தில் ஜெர்மன் சிப்பாய்கள் வந்து மறித்தார்கள். காட்டில் ஒளிந்திருந்தவர்களுக்கு யாரோ ரொட்டி கொடுத்தார்களாம். பதினோரு வீட்டு மனிதர்களையும் ஒரே வைக்கோல் கொட்டகையில் அடைத்துத் தீ வைத்தார்கள்; வீடுகளையும் விடவில்லை.

பத்தொன்பது வயது லெயோகாடியா விடியற்காலையிலேயே கிளம்பி, ஆற்றுக்கு அப்பால் மாவு மில் வரிசையில் நின்றிருந்தார். "புகையைப் பாத்தேன்டா. யாரோ தார் காய்ச்சுறாங்கன்னு நெனச்சு, பக்கத்துல நின்னவகிட்ட சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தேன்" என்பார். அம்மாவும் இரண்டு தம்பிகளும் அந்தப் புகையில் இருந்தார்கள். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்.

இப்போது வயது அறுபத்தேழு. தங்குவது மேட்டில், யாரோ விட்டுப்போன ஓர் அறையில். பெண் கேட்டு வந்தவர்களை அந்தக் காலத்தில், "எங்க வீட்ல பெரியவங்க இல்லையே, யாரைக் கேட்டுச் சம்மதம் சொல்ல?" என்று திருப்பி அனுப்பிவிட்டாராம்.

போன வாரம் நில அளவைக்காரர் டோபியாஷ் வந்தார். புது வரைபடத்தில் ஆளில்லாத ஊர்களின் பெயர் இருக்காதாம். "என்னால தடுக்க முடியாதும்மா. வீட்டுக்காரங்க பேரைச் சொல்லுங்க, கோப்புலயாவது எழுதி வெச்சிடறேன்" என்றார். நல்ல மனிதர். கால்சட்டை முழங்கால் வரை நனைய, அத்தை திரும்பிய இடத்திலெல்லாம் தானும் திரும்பி நடந்தார்.

"இது மொரோஸ். எதிர்ல டுடெக். வம்புக்காரன், எங்க கோழியைப் பிடிச்சுக் கட்டிப்போட்டவன்."

ஆறு வீடுகள் தடையில்லாமல் வந்தன. ஏழாவதில் அத்தை நின்றார்.

"இது... வாசல்ல ப்ளம் மரம். திக்கித் திக்கிப் பேசுற பொண்ணு ஒருத்தி..."

மறுபடி முதல் வீட்டுக்குப் போய் ஆரம்பித்தார். மறுபடி ஏழாவதில் நின்றார். என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லேன்டா."

நான் போருக்குப் பிறகு பிறந்தவன். கேட்பதற்கு வேறு யாரும் இல்லை.

"பரவாயில்லைம்மா. பேர் தெரியலைன்னு போட்டுக்கறேன்" என்றார் டோபியாஷ்.

"தெரியலையா? தெனம் அவளுக்குத் தலை பின்னி விட்டது நான்தான்யா!"

அவர் தலை குனிந்துகொண்டு எழுதப் போனார். அத்தை அவர் விரல்களிலிருந்து பேனாவை மெல்ல உருவி, மூடியைத் திருகி, அவருடைய சட்டைப் பையிலேயே செருகினார்.